ரோசலினை மறந்த ரோமியோ: வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலச் செவ்விலக்கியம் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், உண்மைக் காதலையும் வந்து மறையும் மயக்கத்தையும் பற்றியவை இம்முறை மிகுதியாக இருந்தமையால், இப்பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் தொடக்கத்தில் ரோமியோ, ரோசலின் என்ற பெண்ணை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான். அன்றிரவே ஜூலியட்டைப் பார்த்ததும் அவளை அடியோடு மறந்துவிடுகிறான். ஒரே இரவில் மாறிய மனத்தில் பிறந்ததை உண்மைக் காதல் என்று எப்படி ஒப்புக்கொள்வது? ஜூலியட்டும் இன்னொரு ரோசலின்தானே?

பதில்: நியாயமான ஐயம். நாடகத்துக்குள்ளேயே பாதிரியார் லாரன்ஸ் இதைத்தான் கேட்கிறார். ரோசலினுக்காகச் சிந்திய கண்ணீரின் தடம் உன் கன்னத்தில் இன்னும் கழுவப்படாமல் இருக்கிறதே என்று ரோமியோவைக் கடிந்துகொள்ளும் அவர், இளைஞர்களின் காதல் நெஞ்சில் குடியிருப்பதில்லை, கண்ணில்தான் குடியிருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார். ஆகவே ஷேக்ஸ்பியர் இந்த முரணைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று எண்ண இடமில்லை. அவர் மூலமாகக் கொண்ட, ஆர்தர் புரூக் 1562ஆம் ஆண்டில் வெளியிட்ட நெடுங்கவிதையிலும் நாயகனுக்கு முந்தைய காதல் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயர் இல்லை. ஷேக்ஸ்பியர் அவளுக்கு ரோசலின் என்று பெயர் சூட்டினார், ஆனால் மேடையில் பேச ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. விருந்துக்கு அழைக்கப்பட்டோரின் பட்டியலில் அவள் பெயர் வாசிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பேசாத பெண்ணைப் பற்றி ரோமியோ பேசும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். கனமான இலேசு, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம் என்று, அன்றைய காதல் கவிதைகளில் புழங்கித் தேய்ந்துபோன முரண்தொடர்களை அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்குச் சினப்பாள் என்பது நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை, அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஜூலியட்டைச் சந்தித்ததும் அந்தத் தனிப்புலம்பல் உரையாடலாகிவிடுகிறது. விருந்து மண்டபத்தில் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் 14 வரிகள் சேர்ந்து ஒரு முழு சானெட் பாடலாக அமைகின்றன. அவன் தன்னை யாத்திரிகனாகவும் அவளைப் புனிதத் தலமாகவும் உருவகித்துத் தொடங்க, அவள் அதே உருவகத்தை எடுத்து அவனை மடக்குகிறாள். ஒருவர் தொடங்கிய சொல் விளையாட்டை மற்றவர் தொடர்கிறார். ரோசலினைப் பற்றிய வரிகளில் இப்படி ஓர் எதிர்க்குரல் ஒருபோதும் எழவில்லை. பாதிரியாருக்கு ரோமியோ சொல்லும் விடையும் இதுதான்: இவள் அன்புக்கு அன்பு தருகிறாள், அவள் அப்படித் தரவில்லை.

எனினும் இந்நாடகத்தில் காதலின் பாரத்தைத் தாங்குபவள் ஜூலியட்தான் என்பது என் எண்ணம். 14 வயது இன்னும் நிரம்பாத அந்தப் பெண், நிலவின் மீது ஆணையிட வந்தவனைத் தடுத்து, மாதந்தோறும் வடிவம் மாறும் நிலவின் மீது ஆணையிடாதே என்கிறாள். இது மிகவும் அவசரமாக இருக்கிறது, மின்னுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிடும் மின்னலைப் போல இருக்கிறது என்று தன் அச்சத்தையும் அவளே வெளியிடுகிறாள். பிறகு, மணம் புரியும் எண்ணமிருந்தால் நாளை எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லியனுப்பு என்று கேட்கிறாள். மயங்கிக் கிடப்பவர் எவரும் தம் மயக்கத்தின் வேகத்தை இப்படி நின்று அளந்து பார்ப்பதில்லை. புரூக்கின் கவிதையில் பல மாதங்கள் நீளும் கதையை ஷேக்ஸ்பியர் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான சில நாள்களுக்குள் அடக்கியதைப் பார்க்கும்போது, விரைவாகப் பிறந்த காரணத்தாலேயே ஒரு காதல் பொய்யாகிவிடுமா என்பதை அவர் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்ததாகவே நான் வாசிக்கிறேன். ரோமியோ முற்றிலும் தேறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். நாடுகடத்தப்பட்ட செய்தி கேட்டுப் பாதிரியாரின் அறையில் தரையில் விழுந்து அழுகிறவனிடம் பழைய ரோமியோ மிச்சமிருக்கிறான். வளர்த்த தாதியும் கைவிட்டுவிட்ட நிலையில், கல்லறைக்குள் தனியே கண்விழிக்க நேரலாம் என்று தெரிந்தே, சாவைப் போன்ற உறக்கம் தரும் மருந்துக் குப்பியை எடுப்பவள் ஜூலியட்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): மயக்கம் சில நாள்களில் கலைந்துவிடும், காதல் கடைசிவரை நிலைக்கும். ஷேக்ஸ்பியரின் 116ஆவது சானெட்டும் இதைத்தானே சொல்கிறது? காலத்தைவிடச் சிறந்த உரைகல் வேறு என்ன இருக்க முடியும்?

பதில்: 1609ஆம் ஆண்டில் அச்சான அந்த சானெட், மாற்றத்தைக் கண்டதும் தானும் மாறிவிடும் அன்பு அன்பே ஆகாது என்றும், அலையும் கப்பல்களுக்கெல்லாம் வழிகாட்டும் அசையாத விண்மீன் அது என்றும் பாடுகிறது. அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆயினும் காலத்தை மட்டும் உரைகல்லாகக் கொண்டால் நாம் ஏமாந்துபோவோம் என்பதற்கு, தாமஸ் ஹார்டி 1874ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்' நாவலில் வரும் பண்ணையார் போல்ட்வுட் ஒருவரே போதும்.

பத்ஷீபா என்ற இளம் பண்ணைக்காரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல், 'என்னை மணந்துகொள்' என்ற முத்திரை பதித்த காதலர் தின வாழ்த்து ஒன்றை விளையாட்டாக அவருக்கு அனுப்பிவிடுகிறாள். நாற்பதை எட்டிய, பெண்களை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர் அவர். அந்த ஒரு தாளிலிருந்து அவருடைய வாழ்வே திசை மாறிவிடுகிறது. அவரது ஆசை கலையவில்லை. அவள் மறுத்த பிறகும், அவள் சார்ஜென்ட் ட்ராய் என்ற படைவீரனை மணந்த பிறகும், ட்ராய் இறந்துவிட்டதாக எல்லாரும் நம்பிய பிறகும் அது வளர்ந்துகொண்டே போகிறது. கால அளவை மட்டும் பார்த்தால் இது மாபெரும் காதலாகத்தான் தோன்றும். ஆனால் திரும்பி வந்த ட்ராயைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் போல்ட்வுட் சிறைக்குப் போன பிறகு, அவர் வீட்டில் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே பெண்களுக்கான விலையுயர்ந்த ஆடைகளும் நகைகளும் பொதி பொதியாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் 'பத்ஷீபா போல்ட்வுட்' என்ற பெயரும், ஆறு ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு தேதியும் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படி ஒரு பெண் உலகில் இல்லவே இல்லை. உயிரோடு பக்கத்துப் பண்ணையில் நடமாடிய பத்ஷீபாவுக்கு என்ன பிடிக்கும், எதற்கு அவள் அஞ்சுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒரு வாக்குறுதியை மட்டுமே. அலமாரிக்குள் இருந்தவளைத்தான் அவர் அத்தனை உறுதியாகக் காதலித்தார்.

இந்த நாவலில் மயக்கத்தின் மற்றொரு முகத்தையும் ஹார்டி காட்டுகிறார். பெரணிகள் மண்டிய பள்ளத்தில், மாலை வெயிலில், ட்ராய் தன் வாளைச் சுழற்றிக் காட்டும் காட்சி ஆங்கில நாவல்களிலேயே மிக ஒளி பொருந்திய காட்சிகளுள் ஒன்று. அவன் அவளுடைய கூந்தலில் ஒரு சுருளை வாள் முனையால் அறுத்தெடுக்கிறான். அவள் மார்பின் மேல் வந்து உட்கார்ந்த கம்பளிப்புழுவை உடலில் கீறல் படாமல் குத்தி எடுக்கிறான். பத்ஷீபாவின் கண்கள் கூசிப்போகின்றன. படிக்கும் நம் கண்களும் கூசத்தான் செய்கின்றன.

இனி அதே ட்ராய் கணவனான பிறகு வரும் புயல் இரவுக்கு வாருங்கள். அறுவடை விருந்தில் எல்லாருக்கும் மதுவை ஊற்றிக் கொடுத்துத் தானும் குடித்துவிட்டு அவன் களஞ்சியத்தில் உறங்குகிறான். வெளியே ஐந்து கோதுமைப் போர்களும் மூன்று பார்லிப் போர்களும் மூடப்படாமல் கிடக்கின்றன. அவற்றின் மதிப்பு 750 பவுண்டு என்று மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டு, இடிமின்னலுக்கு நடுவே தனியாளாக ஏணியில் ஏறி அவற்றை மூடத் தொடங்குகிறான் கேப்ரியல் ஓக். முன்பு பத்ஷீபாவால் மறுக்கப்பட்டு, பின்னர் தன் ஆடுகளையெல்லாம் இழந்து, அவளிடமே கூலிக்கு வேலை பார்ப்பவன் அவன். சற்று நேரத்தில் பத்ஷீபாவும் வந்து வைக்கோல் கட்டுகளை ஏணியில் சுமந்து ஏறுகிறாள். மறுநாள் காலையில் போல்ட்வுட் எதிர்ப்படும்போது, தம் போர்களை மூட மறந்துவிட்டதாகச் சொல்கிறார். ஒருவர் காதலால் சொந்த வயலையே மறக்கிறார், மற்றவன் அவளுடைய வயலை நினைத்து விழித்திருக்கிறான். ஹார்டி இதற்கு மேல் விளக்கம் எதுவும் எழுதவில்லை. நாவலின் இறுதிப் பகுதியில்தான், ஒருவர் குணத்தின் கரடுமுரடான பக்கங்களை மற்றவர் முதலில் அறிந்து, நல்ல பக்கங்களைப் பின்னால் கண்டுகொண்டு, ஒன்றாக உழைக்கும் தோழமையிலிருந்து வளரும் அன்பைப் பற்றி அவர் நேரடியாகப் பேசுகிறார்.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் துடிப்பான மரியானை, தன்னைவிட ஏறத்தாழ இருமடங்கு வயதுடைய கர்னல் பிராண்டனுக்கு மணமுடித்து வைத்தது அநியாயமாகப் படவில்லையா? வில்லோபி மீது அவள் கொண்டது காதல் இல்லையென்றால் வேறு எது காதல்?

பதில்: 1811ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த நாவலைப் படித்து முடித்ததும் எனக்கும் இதே மனக்குறை இருந்தது, இப்போதும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. மரியான் மெல்ல மெல்லப் பிராண்டனிடம் மனம் சாய்வதை ஜேன் ஆஸ்டின் காட்சியாகக் காட்டவில்லை, சில பத்திகளில் சொல்லி முடித்துவிடுகிறார். அது அந்த நாவலின் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் வில்லோபி பற்றிய உங்கள் கேள்விக்கு ஆஸ்டின் முன்கூட்டியே நுட்பமாக விடை வைத்திருக்கிறார். மழையில் குன்றிலிருந்து இறங்கி ஓடும்போது கால் பிசகி விழுந்த மரியானை, வில்லோபி தூக்கிக்கொண்டுவந்து வீட்டில் சேர்க்கிறான். மறுநாள் அவர்கள் பேச அமர்ந்தால், பிடித்த நூல்கள் முதல் இசை வரை எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே கருத்து. கூர்ந்து படித்தால், அவள் தன் விருப்பத்தைச் சொல்லச் சொல்ல அவன் ஒத்துக்கொண்டே போகிறான் என்பதும், அவளுடைய உற்சாகமே அவனுக்கும் தொற்றிக்கொள்கிறது என்பதும் புலப்படும். மரியான் கேட்டது பெரும்பாலும் தன் குரலின் எதிரொலியைத்தான். பிறகு அவன் அவளுக்கு ஒரு குதிரையைப் பரிசளிக்க முன்வருகிறான். அதைக் கட்ட இலாயம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆளுக்கு இன்னொரு குதிரை வேண்டும், வருமானம் சுருங்கிப்போன தாய்க்கு இவ்வளவும் எப்படி முடியும் என்று தமக்கை எலினார் எடுத்துச் சொல்லும்வரை, பெற்றுக்கொண்டவளுக்கும் அது தோன்றவில்லை, கொடுத்தவனுக்கும் தோன்றவில்லை.

பிராண்டன் அறிமுகமாகும் மாலையையும் பாருங்கள். மரியான் பியானோ வாசித்துப் பாடும்போது, வீட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் உரக்கப் பாராட்டுகிறார், பாட்டு நடக்கும்போதும் அதே அளவு உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். பிராண்டன் மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் கவனித்துக் கேட்கிறார். கவனிப்பு என்ற அந்த ஒன்றைத்தான் அவர் பாராட்டாக அளித்தார் என்று ஆஸ்டின் எழுதுகிறார். பதினேழு வயது மரியானுக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் அணியும் ஃபிளானல் உள்சட்டைதான் கண்ணில் படுகிறது.

வில்லோபியின் அன்பு முழுப் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். 50,000 பவுண்டு சொத்துள்ள பெண்ணை மணந்துகொண்ட அவன், மரியான் காய்ச்சலில் சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் காலையில் லண்டனில் கிளம்பி இரவுக்குள் வந்து சேர்கிறான். அந்தத் தவிப்பு உண்மையானது. எனினும் அங்கே வந்து எலினாரிடம் அவன் பேசுவது பெரும்பாலும் தன்னைப் பற்றி, தன் வேதனையைப் பற்றி, தனக்குக் கிடைக்க வேண்டிய மன்னிப்பைப் பற்றி. அதே நேரத்தில் பிராண்டன், மரியானின் தாயை அழைத்துவர இரவோடிரவாக வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு பயணங்களையும் ஒரே வேளையில் வைத்த ஆஸ்டினின் கைத்திறன் என்னை நெகிழச் செய்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த நாவலில் ஆழமாகக் காதலிப்பவள் எலினார்தான். தான் விரும்பியவனுக்கும் வேறொரு பெண்ணுக்கும் நிச்சயமாகியிருப்பதை அந்தப் பெண்ணின் வாயாலேயே கேட்டு, கொடுத்த வாக்குக்காக நான்கு மாதங்கள் ஒருவரிடமும் மூச்சுவிடாமல், அழுதுகொண்டிருக்கும் தங்கையைத் தேற்றிக்கொண்டிருந்தவள் அவள்.

கேள்வி (வாசகர் ஒருவர்): மயக்கத்தில் செய்துகொண்ட திருமணம் என்ன ஆகும்?

பதில்: 1813ஆம் ஆண்டின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' இரண்டு விடைகள் தருகிறது. சீருடையில் மயங்கி விக்கமோடு ஓடிப்போன லிடியாவின் பிற்காலத்தைப் பற்றி, அவன் அன்பு விரைவில் அக்கறையின்மையாக மாறியது, அவள் அன்பு இன்னும் சிறிது காலம் நீடித்தது என்று ஆஸ்டின் கடந்துபோகிறார். அவளுடைய தந்தை பென்னெட்டும் ஒருகாலத்தில் இளமையும் அழகும் கண்டு மணந்தவர்தான். மனைவி மீது மதிப்பை இழந்த அவர், மகள்களைக் கவனிப்பதையும் விட்டுவிட்டு நூலகத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார்.

கேள்வி (ஆய்வு மாணவர் ஒருவர்): மயக்கம் என்பது எப்போதும் அழகைக் கண்டு வருவதுதானா?

பதில்: அல்லவே. ஜார்ஜ் எலியட் 1871-72இல் வெளியிட்ட 'மிடில்மார்ச்' நாவலில், இருபது வயதுகூட ஆகாத டோரத்தியா, நாற்பத்தைந்து வயதைக் கடந்த, அழகோ கலகலப்போ இல்லாத காசொபன் என்ற அறிஞரைக் கண்டு மயங்குகிறாள். அவர் எழுதிவரும் மாபெரும் ஆராய்ச்சி நூலுக்குத் துணை நிற்பதே உயர்ந்த வாழ்வு என்று நம்புகிறாள். அவர் அனுப்பும் திருமண விண்ணப்பக் கடிதம் அலுவலகக் கடிதம்போல வறண்டு கிடக்கிறது. அவளோ அதைப் படித்து மண்டியிட்டு அழுகிறாள். அந்தக் கடிதம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவளுடைய நம்பிக்கையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. உயர்ந்த மனம் படைத்தவர்களுக்கு நேரும் மயக்கம் இது. கண்ணால் வரும் மயக்கத்தைவிடத் தெளிவதற்கும் நாளாகும்.

தேனிலவுக்குச் சென்ற ரோமில் அவள் தனியே அழுகிறாள். ஆனால் எலியட் அத்துடன் அவளை விட்டுவிடவில்லை. தன்னைப் போலவே அந்த மனிதருக்கும் அச்சமும் வலியும் நிறைந்த ஓர் உள்ளுலகம் இருக்கிறது என்பதை அவள் உணரத் தொடங்குகிறாள். தன் நோய் கடுமையானது என்று அவர் அறிந்துகொண்ட நாளில், அவள் ஆறுதலாக அருகில் வந்தபோது அவர் இறுகிப்போய் விலகுகிறார். அவளுக்குக் கோபம் பொங்குகிறது. அந்தக் கோபத்தை நெடுநேரம் போராடி அடக்கிக்கொண்டு, இரவில் மாடிப்படி அருகே அவருக்காகக் காத்து நிற்கிறாள். விளக்கோடு ஏறி வரும் அவர், நீ இளையவள், இப்படி விழித்திருக்க வேண்டாமே என்று வியப்பும் கனிவுமாகச் சொல்கிறார். இருவரும் கைகோத்துத் தாழ்வாரத்தில் நடந்துபோகிறார்கள். மயக்கம் இறந்துபோன பிறகு அங்கே பிறந்தது என்னவென்று பெயரிட எனக்குத் துணிவில்லை, ஆனால் மயக்கத்தைவிட அது மேலானது.

கேள்வி (வாசகி ஒருவர்): 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் ஹீத்கிளிஃபும் கேத்தரினும் கொண்டது காதலா, வெறியா?

பதில்: 1847ஆம் ஆண்டில் எமிலி பிரான்டி எழுதிய அந்த நாவலில் கேத்தரினே ஒரு பாகுபாடு செய்கிறாள்: தான் மணக்கவிருக்கும் லிண்டன் மீதுள்ள அன்பு காட்டின் இலைகளைப் போன்றது, பருவம் மாறினால் அதுவும் மாறும், ஹீத்கிளிஃப் மீதுள்ளது அடியில் கிடக்கும் பாறையைப் போன்றது, பார்க்க இன்பமில்லை, ஆனால் இல்லாமல் முடியாது. இதைச் சொல்வதற்கு முன்பே, அவனை மணப்பது தனக்கு இழிவு என்று அவள் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு ஹீத்கிளிஃப் போய்விட்டான். அந்த இருவர் ஒருவரையொருவர் அறிந்த அளவுக்கு ஆங்கில நாவல்களில் வேறெவரும் அறிந்ததில்லை என்பதால் அதை மயக்கம் என்று என்னால் ஒதுக்க முடியாது. அவர்களிடம் இல்லாதது கருணை. மயக்கத்துக்கு அங்கே வேறு ஆள் இருக்கிறாள்: ஹீத்கிளிஃபைக் கதைகளில் வரும் வீரனாகக் கற்பனை செய்துகொண்டு அவனோடு ஓடிப்போகும் இசபெல்லா. கிளம்பும்போது அவளுடைய நாய்க்குட்டியை அவன் தூக்கிலிட்டுத் தொங்கவிட்டதைப் பார்த்தும் அவளுக்குக் கண் திறக்கவில்லை. நாவலின் முடிவில், எழுத்தறியாத ஹேர்ட்டனைக் கேலி செய்துவந்த, கேத்தரினின் மகளான இளைய கேத்தரின், ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் அழகாகச் சுற்றி, நாடா கட்டி, அவன் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பி, படிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் இடத்தை எல்லாரும் விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். அங்கே நின்று படியுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): உண்மைக் காதலை மாணவர்களுக்கு உணர்த்த ஒரே ஒரு காட்சியைத்தான் வாசித்துக் காட்ட முடியும் என்றால், எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில்: ஆஸ்டின் 1817ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்த பிறகு, அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுப்பேன். அந்த நாவலில் எல்லாரும் கொண்டாடுவது வென்ட்வொர்த் எழுதும் கடிதத்தைத்தான், அது கொண்டாடத் தக்கதுதான். ஆனால் இந்தக் காட்சியில் காதல் என்ற சொல்லே வருவதில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வென்ட்வொர்த்துடனான நிச்சயத்தை முறித்துக்கொண்ட ஆன் எலியட்டுக்கு இப்போது 27 வயது. செல்வமும் பெயரும் பெற்றுத் திரும்பியிருக்கும் கேப்டன் வென்ட்வொர்த், அவள் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டாள் என்று பிறரிடம் சொல்லியிருக்கிறான். அது அவள் காதுக்கும் எட்டிவிட்டது. அவன் உள்ளத்தில் அவள் மீது இன்னும் வருத்தம் இருக்கிறது, அவளோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

விழுந்து அடிபட்ட தன் தங்கை மகனுக்கு ஆன் மண்டியிட்டுப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள். அவனுடைய தம்பி, இரண்டு வயதுக் குறும்புக்காரன், அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறான். அவள் கெஞ்சுகிறாள், அதட்டுகிறாள், பயனில்லை. அறையில் இருக்கும் இன்னொருவர் நாற்காலியில் இருந்தபடியே குழந்தையைக் கண்டிக்கிறார், எழுந்து வரவில்லை. திடீரென்று அவளுடைய குனிந்த கழுத்திலிருந்து அந்தச் சின்னஞ்சிறு முரட்டுக் கைகள் பிரிக்கப்படுகின்றன, முதுகின் பாரம் இறங்குகிறது. தூக்கிக்கொண்டு போனது வென்ட்வொர்த் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிகிறது. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுக்கு நன்றி சொல்ல நா எழவில்லை. அடிபட்ட குழந்தையின் மேல் குனிந்தபடியே இருக்கிறாள். அவள் நன்றியைக் கேட்க விரும்பாதவனாக, அவன் சிறுவனோடு வேண்டுமென்றே உரக்க விளையாடும் ஓசை மட்டும் அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.